இறக்கை கழுவிய நீர்

ஜனவரி மாதத்தில் மான்ட்ரியாலிலிருந்து கிளம்பும் விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கதவைச் சாத்தி விமானம் நகரத் தொடங்கும். நேராக ஓடுதளத்துக்குப் போகாமல் வழியில் ஒரு பரந்த கான்கிரீட் களத்துக்குள் திரும்பி நிற்கும். தலைக்கு மேல் வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று அடங்கும். நீண்ட கை முளைத்த லாரிகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். அந்தக் கையின் நுனியில் இருக்கும் கண்ணாடி அறையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த நொடி ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிற வெந்நீர் வழியும், வெளியே புகைபோல ஆவி எழும். அந்த ஆவி கேபினுக்குள் நுழையக் கூடாது என்பதற்காகத்தான் விமானி காற்றை அடைத்தார். சில நிமிடங்களில் இறக்கை பளிச்சென்று தெரியும். கொட்டும் பனியில் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தால், அதன் மேல் பச்சை நிறத்தில் ஒரு கெட்டியான பூச்சும் ஏறும். பிறகு விமானம் போய்விடும்.

களத்தில் தேங்கி நிற்கும் அந்த ஆரஞ்சு நீரைப் பற்றியது இந்த அத்தியாயம்.

முதலில், அதை ஏன் தெளிக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். இறக்கையின் மேல் படியும் பனியின் எடைதான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். எடையைவிடப் பெரிய ஆபத்து அதன் சொரசொரப்பு. இறக்கையின் மேற்பரப்பில் காற்று வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். மணல்தாள் அளவுக்குச் சொரசொரப்பான மெல்லிய உறைபனி படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவிசை 40 சதவீதம் வரை கூடலாம் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும் படலம் அது. விமானத்தை வீழ்த்த அது போதும்.

வீழ்த்தியும் இருக்கிறது. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃப்ளோரிடா விமானம் பாலத்தில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்து, பாலத்தில் இருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். கனடாவின் பாடம் அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து வந்தது. 1989 மார்ச் 10 அன்று ஒண்டாரியோ மாகாணத்தின் டிரைடன் என்ற சிற்றூரில் ஏர் ஒண்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28 விமானம் இறக்கையில் பனியோடு கிளம்பி, ஓடுதளத்துக்கு அப்பால் இருந்த காட்டுக்குள் விழுந்தது. இருந்த 69 பேரில் 24 பேர் மாண்டனர். அந்த விமானத்தின் துணை மின்பொறி பழுதாகியிருந்தது. டிரைடனில் எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்பிவிடத் தரையில் வசதி கிடையாது. எஞ்சின் ஓடும்போது பனிநீக்கம் செய்யவும் அனுமதி கிடையாது. இப்படி ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் பனியோடு பறப்பது ஒன்றுதான் மிச்சம் என்ற இடத்தில் விமானி நின்றார்.

நீதிபதி வர்ஜில் மொஷான்ஸ்கி தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1992ல் வெளிவந்த அதன் இறுதி அறிக்கையில் 191 பரிந்துரைகள் இருந்தன. ஒரு விமானியின் தவறு என்று கோப்பை மூடிவிடாமல், முழு அமைப்பும் எங்கெல்லாம் ஓட்டையாக இருந்தது என்று தோண்டிப் பார்த்த அறிக்கை அது. விமானப் பாதுகாப்புத் துறையில் இன்றும் அதைப் பாடமாக வைத்துப் படிக்கிறார்கள். நம் கதைக்கு வேண்டியது அதில் ஒரு கருத்து. பனிநீக்கம் வாயிலருகே நடந்து, பிறகு விமானம் வரிசையில் நெடுநேரம் காத்திருந்தால் செய்த வேலை வீணாகிறது. எனவே, ஓடுதளத்துக்குப் பக்கத்திலேயே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்ய வழி வேண்டும். 1990களில் கனடாவின் பெரிய விமான நிலையங்களில் பனிநீக்கத்துக்கென்று தனிக் களங்கள் எழுந்ததற்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது.

உயிர்காக்கக் கட்டிய அந்தக் களம்தான் பின்னால் ஆற்றைக் காக்கவும் வழி திறந்தது. வாயில்தோறும் தெளித்தால் திரவம் விமான நிலையம் முழுக்கச் சிதறும், மழைநீர் வடிகாலுக்குள் ஓடும், எங்கே போனது என்றே தெரியாது. எல்லா விமானமும் ஒரே இடத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போனால், குளித்த நீரும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

*

அந்த நீரில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றும் குளிரூட்டியில் இருப்பதும் அதுவே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான விமான நிலையங்கள் புரொப்பிலீன் கிளைக்காலுக்கு மாறிவிட்டன. கனடா பெருமளவுக்கு எத்திலீனோடு நிற்கிறது.

இந்தப் பொருளிடம் ஒரு விந்தை உண்டு. கலப்பில்லாத எத்திலீன் கிளைக்கால் ஏறத்தாழ மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் கலவை மைனஸ் 37 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். தனித்தனியே சீக்கிரம் உறைகிற இரண்டு பொருள்கள் சேர்ந்தால் உறைய மறுக்கின்றன. காரணம், பனிக்கட்டி ஒரு படிகம். நீர் மூலக்கூறுகள் ஒழுங்கான அறுகோண அடுக்காக அமர்ந்தால்தான் அது உருவாகும். கிளைக்கால் மூலக்கூறின் இரு முனைகளும் நீரோடு கைகோத்துக்கொள்ளும் இயல்புடையவை. நீர் மூலக்கூறுகளுக்கு இடையே அது புகுந்துகொண்டு அடுக்கு அமையவிடாமல் செய்கிறது. நீரும் பதிலுக்குக் கிளைக்காலை அடுக்க விடுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பனியை உருக்குவது பெரும்பாலும் சூடுதான். தெளிக்கும்போது கலவை குறைந்தது 60 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். உருகிய நீர் இறக்கையிலேயே திரும்ப உறைந்துவிடாமல் காப்பதுதான் கிளைக்காலின் வேலை. இந்த வேலையில் அது எரிவதில்லை, சிதைவதில்லை, வேறொரு பொருளாக மாறுவதுமில்லை. நீரோடு கலக்கிறது, அவ்வளவுதான். களத்தில் ஓடும் கிளைக்கால் மூலக்கூறுக்கும் தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த மூலக்கூறுக்கும் அணுவளவும் வேறுபாடு கிடையாது. அது செலவாகவில்லை, நீர்த்துப்போயிருக்கிறது. இந்த ஒரு உண்மையின் மேல்தான் மறுசுழற்சி முழுவதும் நிற்கிறது. பிளாஸ்டிக்கை உருக்கினால் தரம் குறையும், காகிதத்தைக் கூழாக்கினால் இழை குறுகும். கிளைக்காலைப் பொறுத்தவரை அப்படி ஒரு தேய்மானமே இல்லை. நீரைப் பிரித்துவிட்டால் பழையபடி கைக்கு வந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒன்றைச் சாக்கடையில் விடுவது எவ்வளவு பெரிய கேடு என்பதை ஒரு கணக்கு சொல்லும்.

கிளைக்கால் மண்ணிலும் நீரிலும் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. சில நாட்களில், குளிராக இருந்தால் சில வாரங்களில், தின்று தீர்த்துவிடும். கேட்க நல்ல செய்தியாக இருக்கும். ஆனால், தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். வேதிச் சமன்பாட்டின்படி ஒரு கிலோ எத்திலீன் கிளைக்காலை முழுதாகச் சிதைக்க ஏறத்தாழ 1.3 கிலோ ஆக்சிஜன் தேவை. பூஜ்ய டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரைந்திருப்பது வெறும் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன். ஆக, ஒரு கிலோ கிளைக்கால் சுமார் 88,000 லிட்டர் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். இப்போது சரிபாதிக் கலவை 1,000 லிட்டர் தெளித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கடும் பனிப்பொழிவில் ஒரு விமானத்துக்கு இது அதிகமே இல்லை, பெரிய விமானங்கள் இதைப்போல் பல மடங்கு கேட்கும். அந்த 1,000 லிட்டரில் சுமார் 550 கிலோ கிளைக்கால் இருக்கிறது. ஏறத்தாழ 5 கோடி லிட்டர் ஆற்றுநீரின் மூச்சு அதில் போய்விடும். ஒரே ஒரு விமானம், ஒரே ஒரு முறை.

மான்ட்ரியால் ஒரு தீவு. விமான நிலையம் இருப்பது தீவின் மேற்குப் பக்கம், டோர்வல் என்ற பகுதியில். சற்றுத் தெற்கே போனால் செயின்ட் லாரன்ஸ் ஆறு அகன்று ஏரியாகும் இடம், லாக் செயின்ட் லூயி. விமான நிலையப் பக்கத்து மழைநீரைச் சுமந்துகொண்டு புஷார் ஓடை அந்த ஏரியில்தான் கலக்கிறது. அதே ஏரியிலிருந்தும் அதற்குக் கீழே ஆற்றிலிருந்தும்தான் தீவின் மக்களுக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். குளிர்காலத்தில் பனிக்குவியலோடு உறைந்து கிடக்கும் கிளைக்கால், ஏப்ரலில் பனி உருகும்போது மொத்தமாக இறங்கிவரும். மீன்கள் முட்டையிடத் தொடங்கும் பருவமும் ஏறத்தாழ அதுதான்.

இதோடு நச்சுத்தன்மையும் இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். உடலுக்குள் போனால் கல்லீரல் அதை ஆக்சாலிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகச் சிறுநீரகத்தில் அடையும். இரண்டு எத்திலீன் கிளைக்கால் மூலக்கூறுகள் ஒட்டிப் பிறந்ததுதான் டைஎத்திலீன் கிளைக்கால். தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயர் கசப்பாக நினைவிருக்கும். 1970களில் சென்னையில் அது கலந்த மருந்தைக் குடித்துக் குழந்தைகள் பலர் இறந்தார்கள். 2025ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தால் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததற்கும் அதுவே காரணம். கிளைக்கால் குடும்பத்தைக் கையாள்கிறவர்கள் தூய்மையை ஏன் உயிர்ப்பிரச்சினையாகப் பார்க்கிறார்கள் என்பதை இதைவிட வேறெதுவும் விளக்காது.

கனடா 1990களிலேயே, விமான நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கிளைக்கால் இருக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வகுத்தது. சரிபாதிக் கலவையை இந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அதை ஐயாயிரம் மடங்குக்கு மேல் நீர்க்கச் செய்ய வேண்டும். நீர்க்கச் செய்து ஏமாற்றுவது நடக்காத காரியம். பிடித்துத்தான் ஆக வேண்டும்.

*

பிடித்ததை என்ன செய்வது? உலகம் பல வழிகளை முயன்றிருக்கிறது. சூரிக் விமான நிலையம் அந்த நீரைப் புல்வெளியில் தெளிக்கிறது, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் தின்றுகொள்கின்றன. எட்மண்டனிலும் அமெரிக்காவின் பஃபலோவிலும் சரளைக்கற்கள் நிரப்பிய செயற்கைச் சதுப்பு நிலங்களில் அதே வேலை நடக்கிறது. டொரண்டோவில் விமானத்திலிருந்து வழிந்த கிளைக்கால் வேறு தொழில்களுக்கு விற்பனையாகிறது, காரின் குளிரூட்டியாக மறுபிறவி எடுக்கிறது. ஜெர்மனியின் முனிச் நகரம், சேகரித்ததைச் சுத்திகரித்துத் திரும்பவும் விமானத்தின் மேலேயே தெளிக்கும் வழியில் முன்னோடி.

மான்ட்ரியாலும் இந்தக் கடைசி வழியில்தான் வந்து சேர்ந்தது. அந்த ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள் இருந்தன. 1975ல் வடக்கே மிராபெல்லில் பெரிய சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். 1980களில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் பலர் கனடா மண்ணில் முதன்முதலில் கால் வைத்தது மிராபெல்லில்தான். 1997ல் சர்வதேச விமானங்கள் டோர்வலுக்குத் திரும்பின. டோர்வல் 2004ல் பியேர் எலியட் ட்ரூடோ விமான நிலையம் என்று பெயர் மாறியது, மிராபெல்லில் பயணிகள் சேவை அதே ஆண்டு நின்றுபோனது. குளிர்காலப் போக்குவரத்து முழுவதும் ஒரே இடத்தில் குவிந்தது. அங்கே பனிநீக்கக் களத்தை நடத்துவது ஏரோ மாக் என்ற நிறுவனம். 1994ல் மான்ட்ரியாலில் தொடங்கிய அது, இன்று மற்ற பல விமான நிலையங்களிலும் இதே வேலையைச் செய்கிறது. களத்தில் விழுந்ததை அங்கேயே காய்ச்சி வடித்து, சான்றிதழ் பெற்ற பனிநீக்கியாக்கி, அதே களத்தில் அடுத்த விமானத்தின் மேல் தெளிப்பதுதான் அதன் தனி அடையாளம்.

இந்த வேலையில் கொதிகலனையும் கோபுரத்தையும்தான் எல்லோரும் படம்பிடிக்கிறார்கள். என் பார்வையில் அதன் உயிர்நாடி கான்கிரீட் தரையில் இருக்கிறது. களத்தின் தரை கண்ணுக்குத் தெரியாத சரிவோடு போடப்பட்டிருக்கும். திரவம் சரிவில் ஓடி வடிகாலில் இறங்கி நிலத்தடித் தொட்டிக்குப் போகும். தரையில் படிந்து நிற்பதை உறிஞ்சி லாரிகள் பெருக்கி எடுக்கும். கிளைக்கால் ஊறிய பனியைத் தனியே குவித்து உருக்குவார்கள். ஓட்டுநர் கையில் அடக்கமான ஒரு கருவி உண்டு. கண்ணாடிப் பரப்பில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து அந்தச் சொட்டில் எத்தனை சதவீதம் கிளைக்கால் என்று உள்ளே இருக்கும் அளவுகோலில் தெரியும். செறிவானது ஒரு தொட்டிக்கு, நீர்த்தது இன்னொரு தொட்டிக்கு.

இந்தப் பிரிப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, நீர் எவ்வளவு கூடுதலோ விறகும் அவ்வளவு கூடுதல். 20 சதவீதக் கலவையிலிருந்து ஒரு கிலோ கிளைக்கால் எடுக்க 4 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். 10 சதவீதக் கலவை என்றால் 9 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். முதல் கலவைக்கு ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரம், இரண்டாவதற்கு ஐந்தரை யூனிட்டுக்கும் மேல். மழை பெய்து களத்து நீர் 5 சதவீதமாக நீர்த்துப்போனால் கணக்கே மாறிவிடும். களத்தில் சேகரிக்கும் நீர் பத்து சதவீதத்துக்குக் கீழும் இருக்கும், இருபதைத் தாண்டியும் இருக்கும். பத்து நிமிடம் முன்னதாக உறிஞ்சி லாரி வந்தால் ஆலையில் ஒரு பொழுதின் மின்சாரம் மிச்சமாகலாம்.

தமிழ்நாட்டில் இதே பாடத்தைத் திருப்பூர் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு செத்தது, ஒரத்துப்பாளையம் அணை விவசாயிகளுக்கே சாபமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலைக்கு வரும்வரை சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் அங்கே வந்த ஏற்பாட்டைப் பாருங்கள். உப்பு மிகுந்த சாயத்தொட்டி நீரையும் அலசிய நீரையும் தனித்தனியே பிரிப்பது, சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி, மீட்ட நீரும் உப்பும் திரும்பவும் பட்டறைக்கே. மான்ட்ரியால் ஆலையின் பொறியாளரைத் திருப்பூர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், பாதி இயந்திரங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அவற்றில் ஒன்று நீராவி அழுத்தி ஆவியாக்கி. சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் ஆவியோடு வெப்பமும் போய்விடும். இந்த இயந்திரம் வெளியேறும் ஆவியைப் பிடித்து ஒரு விசிறியால் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஆவியின் வெப்பநிலை சில டிகிரி ஏறும். அந்த ஆவியைக் கொதிக்கும் திரவத்தின் மறுபக்கத்துத் தகட்டில் விட்டால், அது அங்கே குளிர்ந்து நீராகும், தான் சுமந்த வெப்பத்தைத் திரும்பவும் திரவத்துக்கே கொடுத்துவிடும். விசிறியைச் சுழற்றும் மின்சாரம் மட்டுமே செலவு. தேவைப்படும் ஆற்றல் பல மடங்கு குறைகிறது. கியூபெக் மாகாணத்தின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் நீர்மின்சாரம் என்பதால், அங்கே இந்த விசிறி சுழல்வதால் வளிமண்டலத்தில் சேரும் கரி மிகச் சொற்பம். புதிய கிளைக்கால் நிலத்தடி எரிவாயுவிலிருந்து எத்திலீன், எத்திலீன் ஆக்சைடு என்று படிப்படியாகத் தயாராகிறது. கனடாவில் அதற்கான பெரிய ஆலைகள் இருப்பது மேற்கே அல்பெர்ட்டாவில். அங்கிருந்து மான்ட்ரியால் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம்.

ஆவியாக்கி பாதி வழிக்குத்தான் கொண்டுவரும். கலவை ஐம்பது சதவீதத்தை நெருங்கியதும் அது வடித்தல் கோபுரத்துக்குப் போகிறது. நீர் 100 டிகிரியில் கொதிக்கும், எத்திலீன் கிளைக்கால் 197 டிகிரியில். இடைவெளி பெரிது. சாராயத்தையும் நீரையும் வடிக்கும்போது ஒரு கட்டத்துக்கு மேல் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே ஆவியாகும், கிளைக்காலும் நீரும் அப்படி முரண்டு பிடிப்பதில்லை. நீர் மேலே ஏறும், கிளைக்கால் கீழே தங்கும். 99 சதவீதத்துக்கு மேல் தூய்மை எட்டிவிடலாம். ஆனால், எத்திலீன் கிளைக்காலோடு புரொப்பிலீன் கிளைக்கால் கலந்துவிட்டால் சிக்கல். அது கொதிப்பது 188 டிகிரியில், ஒன்பதே டிகிரி வித்தியாசம். ஒரு களத்தில் ஒரே வகைக் கிளைக்காலை மட்டும் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய வசதி என்பது அப்போது புரியும்.

காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன. டயர்த் துகள், எண்ணெய், தூசி ஆகியவற்றை வடிகட்டியாக வேண்டும். ஓடுதளத்தில் பனி உருகத் தூவும் பொட்டாசியம் உப்புகள் சக்கரத்தோடு ஒட்டி வரும், அவற்றையும் நீக்க வேண்டும், இல்லையென்றால் அலுமினியத்தை அரிக்கும். எல்லாவற்றிலும் தொல்லை தருவது அந்தப் பச்சைப் பூச்சு. நான்காம் வகைத் திரவம் என்று அதைச் சொல்வார்கள், ஆரஞ்சு நிறமுடையது முதல் வகை. பச்சைத் திரவத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான அளவில் பாலிமர் கலந்திருக்கும். விமானம் நிற்கும்போது அந்தப் பாலிமர் திரவத்தைக் கெட்டியாக இறக்கையில் பிடித்து வைக்கிறது. விமானம் வேகமெடுக்கும்போது காற்றின் உரசலில் திரவம் இளகி வழுக்கி ஓடிவிடுகிறது. வானில் இந்தக் குணம் அற்புதம். ஆலையில் அதே பாலிமர் சூடான குழாய்களில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய சவ்வுகளில் வடிகட்டி அதை முன்கூட்டியே பிரித்தெடுக்க வேண்டும். கடைசியில் கரித்துகள் படுகை வழியாக ஓடவிட்டால் நிறமும் வாசனையும் போகும்.

இப்போது கையில் இருப்பது நிறமற்ற, தூய கிளைக்கால். இன்னும் அது பனிநீக்கி ஆகவில்லை. நீர், பரப்பில் சீராகப் பரவச் செய்யும் பொருள், துருத்தடுப்பி, ஆரஞ்சுச் சாயம் எல்லாம் குறித்த அளவில் சேர வேண்டும். இந்தச் சேர்மானங்கள் அளவில் சிறியவை, விளைவில் பெரியவை. முன்பு பரவலாகப் பயன்பட்ட டோலைல்ட்ரையசோல் என்ற துருத்தடுப்பி, கிளைக்காலைவிட மீன்களுக்குக் கேடானது என்று ஆய்வுகள் காட்டின. மறுசுழற்சி செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு வாய்ப்பும் பொறுப்பும் உண்டு. எதைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பவர்களே, ஆறு மாதம் கழித்து அது தங்கள் தொட்டிக்கே திரும்பி வருவதையும் பார்ப்பார்கள்.

*

பழைய திரவத்திலிருந்து செய்தது என்பதற்காக எந்தச் சலுகையும் கிடையாது. புதியதற்கு உள்ள எல்லாத் தேர்வுகளையும் அது எழுத வேண்டும். தேர்வு நடக்கும் இடமும் கியூபெக்கில்தான் இருக்கிறது. சிக்கூட்டிமி நகரப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பனித்தடுப்புப் பொருள்களுக்கான பன்னாட்டு ஆய்வகம் உலகெங்கும் இருந்து வரும் திரவங்களைச் சோதித்துச் சொல்கிறது.

ஒரு சோதனையில் சாய்வான அலுமினியத் தகட்டில் திரவத்தை ஊற்றுகிறார்கள். மைனஸ் 5 டிகிரிக் குளிரறையில் அதன்மேல் மிக நுண்ணிய துளிகளை மழையாகப் பெய்விக்கிறார்கள். துளிகள் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருந்தும் திரவமாகவே இருப்பவை, எதைத் தொட்டாலும் பனியாகிவிடும். தகட்டின் மேல் விளிம்பிலிருந்து பனி கீழ்நோக்கி வளர்ந்து வரும். அது 25 மில்லிமீட்டர் கோட்டைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். முதல் வகை குறைந்தது 3 நிமிடம் தாங்க வேண்டும், நான்காம் வகை 80 நிமிடம். இன்னொரு சோதனை குளிர்ந்த காற்றுச் சுரங்கத்தில். தரையில் 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் திரவத்தைப் பரப்பி, விமானம் ஓடிக் கிளம்புவதுபோலக் காற்றின் வேகத்தை நொடிக்கு 65 மீட்டர் வரை ஏற்றுவார்கள். அதற்குள் திரவம் போதிய அளவு வழிந்து ஓடிவிட வேண்டும். பனியைத் தடுக்க வந்த திரவமே இறக்கையில் சொரசொரப்பாகத் தங்கிவிட்டால் பயன் என்ன?

இதற்குப் பின்னும் மான்ட்ரியால் விமான நிலையத்தில் பனி பெய்யும் இரவுகளில் ஆய்வாளர்கள் வெட்டவெளியில் நின்று, 10 டிகிரி சாய்வில் வைத்த தகடுகளில் திரவங்கள் எப்போது தோற்கின்றன என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த எண்களிலிருந்துதான் கனடாப் போக்குவரத்துத் துறை ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வெளியிடும் தாங்குநேர அட்டவணை உருவாகிறது. உலகில் எங்கோ ஒரு விமானி, தெளித்து முடித்து இத்தனை நிமிடத்துக்குள் நான் கிளம்பியாக வேண்டும் என்று கணக்கிடும்போது, அதன் பின்னால் கொட்டும் பனியில் நின்ற இவர்களின் இரவுகள் இருக்கின்றன.

காய்ச்சி வடிப்பது பழைய வித்தை, எந்த வேதியியல் மாணவரும் செய்வார். மீட்டெடுத்த திரவத்தை நம்பி நூற்றுக்கணக்கான உயிர்களை ஏற்றலாம் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் நிரூபிப்பது வேறு. பல விமான நிலையங்கள் மீட்ட கிளைக்காலைக் கார் குளிரூட்டிக்கு விற்பதோடு நிறுத்திக்கொள்வதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மான்ட்ரியால் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டது என்பதால்தான் அதன் பணி பெரிதாகத் தெரிகிறது.

முழு வட்டம் இன்னும் கூடவில்லை. தெளித்ததில் ஒரு பகுதியைக் காற்று அடித்துப்போகிறது. கொஞ்சம் களத்திலிருந்து ஓடுதளத்துக்குப் போகும் வழி நெடுகச் சொட்டுகிறது. பச்சைப் பூச்சு, அதன் வேலையே அப்படி என்பதால், விமானம் வேகமெடுக்கும்போது ஓடுதளத்தின் மேல்தான் சிதறுகிறது, அதை எந்த லாரியும் பிடிக்க முடியாது. அது ஓரத்துப் பனிக்குவியலில் சேர்ந்து ஏப்ரலில் உருகும். வடிகால் நீரைச் சோதித்துக்கொண்டே இருப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

ஆகவே, அடுத்த முன்னேற்றம் ஆலையைவிட லாரியில்தான் வரவேண்டும். பல இடங்களில் வெளியே மைனஸ் 3 டிகிரி இருந்தாலும் மைனஸ் 25 இருந்தாலும் ஒரே சரிபாதிக் கலவையைத் தெளிக்கும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. விதி கேட்பது, முதல் வகைக் கலவையின் உறைநிலை வெளிவெப்பத்தைவிட 10 டிகிரி கீழே இருக்க வேண்டும் என்பதை மட்டுமே. மைனஸ் 3 டிகிரி நாளில் மைனஸ் 13க்கு உறையும் கலவை போதும். அதற்குச் சுமார் 30 சதவீதம் கிளைக்கால் இருந்தாலே சரியாகப்போகும். அன்றைய வெப்பத்தைப் பார்த்து அவ்வப்போது விகிதத்தை மாற்றிக் கலக்கும் லாரிகளும் கலவை நிலையங்களும் இப்போது வந்துவிட்டன. தன் கிளைக்காலைத் தானே தூய்மையாக்கித் தொட்டியில் வைத்திருக்கும் விமான நிலையத்துக்கு இப்படிக் கலப்பது இன்னும் எளிது. இளங்குளிர் நாட்களில் இப்படிக் கிளைக்கால் மிச்சமானால், ஓடுதள ஓரத்துப் பனியில் தப்பிப்போவதும் அந்த அளவுக்குக் குறையும்.